பெருக்காத இலுப்பை மரங்கள்

கொடுசேலியில் ஐந்து வருடமாக ஒரு கைக்குழந்தைகூடச் சாகவில்லை என்று எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். மேடையேறி வாங்கிக்கொண்டேன். போட்டோவுக்குச் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்மேயைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்துவிட்டு என் முட்டாள்தனத்தை மட்டும் மூடிவைத்தால் நியாயமில்லை.

நான் லச்சு. இந்தக் காட்டுக்கு அரசாங்க நர்ஸாக வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. நானும் கோண்டு இனத்துக்காரிதான், ஆனால் தெற்கே தெலுங்கு பேசும் பக்கத்தில், பஸ் வந்து நிற்கும் ஊரில் பிறந்தவள். இங்கே இருக்கும் மாடியா கோண்டுகள் என்னைப் பாதி உறவாகவும் பாதி அரசாங்கமாகவும் வைத்திருக்கிறார்கள். எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். மாத்திரையை அடுப்பு மேட்டில் காயப்போட்டவளையும், தடுப்பூசி நாளன்று மீன் பிடிக்கப் போனவளையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அவர்கள் திருப்பித் திட்டுவதில்லை, சிரிப்பார்கள். அதில் என் கோபம் இன்னும் ஏறும்.

கொடுசேலி ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. அறுபது வீடு. கோடையில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். ஆடி பிறந்துவிட்டால் ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடும். மரத்தைக் குடைந்து செய்த ஓடம் ஒன்று உண்டு, அதையும் கரையேற்றிக் கட்டிவிடுவார்கள். நாலு மாதத்துக்கு அங்கிருந்து யாரும் வர முடியாது, நானும் போக முடியாது. மழை விட்ட பிறகு தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போவேன். இருக்கிற குழந்தைகளை எண்ணி எழுதுவேன்.

கும்மே அந்த ஊரில் இலுப்பைப் பூச் சாராயம் காய்ச்சுகிறவள். அப்போது முப்பது வயது இருக்கும். நெற்றியில் பச்சை குத்தியிருப்பாள், கழுத்தில் நாலு சுற்று வெள்ளைப் பாசிமணி. பாதி ஊர் தன் பூவை அவளிடம்தான் கொண்டுவந்து கொட்டும். கூடைக்கு இத்தனை சுரைக்குடுவை என்று சாராயமாகவே திருப்பிக் கொடுப்பாள். அவள் சரக்கு சுத்தம். கால்வலிக்கு நானும் ஒன்றிரண்டு முறை தேய்த்திருக்கிறேன், தேய்த்தது போக மிச்சத்தை வீணாக்கியதுமில்லை.

அவளிடம் எனக்கு ஒரே ஒரு தொல்லைதான், கேள்வி. ஊசியை ஏன் தொடையில் போடுகிறாய், பிள்ளைக்கு நோவு அங்கேயா இருக்கிறது என்பாள். தடுப்பூசிப் பெட்டிக்குள் ஐஸ் எதற்கு, அது கெட்டுப்போகிற பண்டமா என்பாள். ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் உருட்டியபடி, "ரத்தம் ஊற இது சிவப்பா இருக்கு, சரி. அப்போ பால் ஊற வெள்ளை மாத்திரை வெச்சிருப்பியே, அதை எங்கக்கா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்றாள். பதில் தெரியாதபோது நான் கத்துவேன். அவள் அசரமாட்டாள், அடுத்த மாதம் அதே கேள்வியோடு வந்து நிற்பாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை மழைக்கு முன்னால் வயிறு தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். மழை முடிந்து போய்ப் பார்த்தபோது வயிறும் இல்லை, பிள்ளையும் இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஊரில் இப்படி முகத்தைத் திருப்புகிறவர்கள் நிறைய. நான் ஒவ்வொருத்திக்கும் கருச்சிதைவு என்று எழுதிவிட்டு வந்துவிடுவேன். கரு தங்காதவள் என்று கும்மேயை நான் பாவம் பார்த்ததும் உண்டு.

பங்குனி மாதம், பூ விழும் காலத்தில் ஒருநாள் போயிருந்தபோது பரிசு வாங்கியதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டாள். உங்கள் ஊரில் ஐந்து வருடமாகக் கைக்குழந்தை ஒன்றும் சாகவில்லை, அதற்கு என்றேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் குழலைக் கீழே வைத்தாள்.

"நீ எங்க ஆளுங்ககிட்ட என்னன்னு கேட்டே?"

"எத்தனை பிள்ளை, செத்தது எத்தனைன்னு கேட்டேன். வேற எப்படிக் கேப்பாங்க?"

"அப்போ அவங்க பொய் சொல்லல" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. கும்மே பேச்சைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

மறுநாள் விடியும்போதே என்னை எழுப்பித் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இலுப்பை மரத்தடியில் உதிர்ந்த இலையை எரித்து, தரையைச் சுத்தமாகப் பெருக்கி வைத்திருப்பார்கள். அப்போதுதான் விடிகாலையில் விழும் பூவை மண் ஒட்டாமல் பொறுக்க முடியும். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு வீட்டுக்குச் சொந்தம். பெண்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கும்மே நடந்துகொண்டே போய் ஒரு மரத்தடியில் நின்றாள். அங்கே இலை எரிக்கவில்லை, பெருக்கவில்லை. பூ விழுந்து விழுந்து அழுகி, புளித்த வாடை வந்தது.

அந்த மாதிரி மரங்களை நான் இங்கே வந்த நாளிலிருந்தே பார்த்திருக்கிறேன். வருடா வருடம் இரண்டோ மூன்றோ அப்படிக் கிடக்கும். இவ்வளவு நல்ல பூவை அழுகவிட்டுவிட்டு அப்புறம் பசி பசி என்கிறீர்களே, சோம்பேறிகளே என்று அந்த மரத்துக்காரர்களைத் திட்டியும் இருக்கிறேன்.

கும்மே மெதுவாகச் சொன்னாள். பிள்ளைக்குக் கழுத்து நின்ற பிறகுதான் பெயர் வைப்பார்கள். முன்னோரில் யார் வந்திருக்கிறார்கள் என்று பூசாரி பார்த்துச் சொல்வார், அந்தப் பெயர்தான். அதுவரைக்கும் அது விருந்தாளி. இருப்பதா போவதா என்று அது இன்னும் முடிவு பண்ணவில்லை. பெயர் வைத்த பிள்ளை போனால் அது சாவு, அதற்கு அழுகை உண்டு, கல் உண்டு. பெயர் வைக்காததை வீட்டுக்குச் சொந்தமான இலுப்பையின் கீழ் வைப்பார்கள். மரத்துப் பால் குடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கும், பிறகு அதே தாயிடம் திரும்பி வரும். அடுத்து வரும் பூக்காலத்தில் அந்த மரத்துப் பூ அதற்குத்தான், ஒருவரும் தொடக் கூடாது. வாய் திறந்து அதைச் செத்ததென்று சொல்லவும் கூடாது. சொல்லிவிட்டால் அது திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும்.

அந்த அழுகின பூ மேலேயே உட்கார்ந்தேன்.

"உன் மரம் எது?" என்று கேட்டேன். அவள் ஆற்றோரமாக நின்ற மரத்தைக் காட்டினாள். இரண்டு பூக்காலம் அதைப் பெருக்கவில்லை என்றாள். முதல் பிள்ளை பதினோரு நாள் இருந்திருக்கிறது, இரண்டாவது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைய. நான் இரண்டையும் கருச்சிதைவு என்று எழுதியவள்.

அன்றைக்கு அழுதேன், யாரை என்று தெரியாமல் எல்லோரையும் திட்டினேன். கும்மே அழவில்லை. அவளுக்கு அதற்குள் ஒரு கேள்வி வந்துவிட்டது. சந்தைக்குப் போகும்போது எதிர்க்கரைப் பிள்ளைகளைப் பார்க்கிறேனே, அவர்களும் நம் ஜனம்தானே, அதே கஞ்சி, அதே கீரை, அதே காடு, பஸ் ரோட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படிக் கழுத்து நிற்கிறது என்று கேட்டாள். நான் கத்தவில்லை. எனக்குத் தெரியாது, எண்ணிப் பார்த்தால் தெரியலாம் என்றேன்.

எப்படி எண்ணுவது? பிள்ளையைப் பற்றிக் கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். ஆனால் மரத்தைப் பற்றிக் கேட்கத் தடை ஒன்றும் இல்லை. அதிலும் கும்மே கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது, பூ வாங்குகிறவள் பூவைப் பற்றிக் கேட்பாள்தானே. போன வருடம் உன் வீட்டிலிருந்து எத்தனை கூடை வந்தது, இந்த வருடம் ஏன் குறைவு, எந்த மரத்தைப் பெருக்கவில்லை, அதற்கு முந்தின மழையில் உன் புருஷன் எங்கே இருந்தான் என்று பேச்சோடு பேச்சாக இழுப்பாள். சாயங்காலம் என்னிடம் வந்து கூழாங்கல்லைத் தரையில் பரப்புவாள். மழையில் வந்தது கறுப்புக் கல், மற்ற நாளில் வந்தது வெள்ளைக் கல்.

ஐந்து வருடத்துக்குப் பதினான்கு கல் வந்தது. பதினொன்று கறுப்பு.

கும்மே கறுப்புக் கல்லை மட்டும் தனியாக ஒதுக்கினாள். மழையில் என்ன இருக்கிறது என்று அவளே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பெற்றவள் ஊருக்கு வெளியே ஒதுக்குக் குடிசையில் இருக்க வேண்டும், அந்தக் கூரையை ஆண்கள் தொடக் கூடாது, பெண்கள் கூரை மேல் ஏறக் கூடாது, அதனால் யாரும் வேய்வதில்லை, ஒழுகும். மழை மாதத்தில் குதிரில் தானியம் இருக்காது, பெற்றவளுக்கு வெறும் கஞ்சித் தண்ணீர். பிள்ளை சில்லிட்டாலும் மூச்சு வாங்கினாலும் ஆற்றைத் தாண்ட முடியாது. "ரோட்டுப் பக்கத்துப் பொண்ணுங்களுக்கும் மழை பெய்யுதுக்கா. ஆனா அவங்களுக்கு நடுவுல ஆறு இல்ல. நீ வேற அந்தக் கரையிலதான் இருக்கே" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பிரசவ நிலையம் கொடுப்பதாகப் பேச்சு வந்தது. இரண்டு அறை, கட்டில், எடை பார்க்கும் தராசு, குழந்தைக்குச் சூடு காட்டும் விளக்கு, மழைக்காலம் முழுக்க அங்கேயே தங்க ஒரு நர்ஸ். குழந்தைச் சாவு எங்கே அதிகமோ அந்த ஊருக்கு என்று விதி. கொடுசேலிக்கு என் கையெழுத்தில் பூஜ்யம் இருந்தது. பூஜ்யம் வாங்கின ஊருக்கு எவன் கொடுப்பான்?

புதிதாக வந்திருந்த டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சின்னப் பையன்தான், ஆனால் காது கொடுத்துக் கேட்டார். கல்லையும் மரத்தையும் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. பெயர் வேண்டாம், இன்னாருடைய குழந்தை என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். ஆனால் மேலிடத்துக்கு அனுப்ப அவரே நேரில் வந்து விசாரிக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தையும் இறந்ததைத் தாயோ தகப்பனோ தன் வாயால் சொல்ல வேண்டும். மரத்தைச் சாட்சியாக எழுத முடியாது சிஸ்டர் என்றார். மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் நிலையம் வேறு ஊருக்குப் போய்விடும்.

இதைக் கும்மேயிடம் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அவள் பிள்ளைகள் திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறவள். அவள் புருஷன் லால்சு அவளைவிட நம்பிக்கொண்டிருக்கிறவன். ஆற்றங்கரையில் மீன் கூண்டு பின்னிக்கொண்டிருந்தவனிடம் நாங்கள் இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். அதிகம் பேசாத ஆள். கையிலிருந்த மூங்கில் சிம்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான்.

"வர்ற பிள்ளைங்க வழியில நிக்குதுங்க. நீ போய்க் கதவைச் சாத்தப் போறியா?" என்று கும்மேயைக் கேட்டான்.

"மூணாவதும் அதே குடிசையிலதானே வந்து விழணும்? வந்தா நிக்குமா?"

"நிக்கும், நிக்காது. அது அவங்க இஷ்டம். போங்கன்னு சொல்ல நாம யாரு?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உன் நம்பிக்கையைக் கட்டிக்கொண்டு அழு, அடுத்த மழைக்கு இன்னும் மூன்று மரத்தை அழுகவிடு என்று கத்திவிட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதில் கோபமில்லை. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளையைப் பற்றி ஒரு தகப்பனுக்கு மிச்சம் இருந்தது அந்தக் காத்திருப்பு ஒன்றுதான்.

வைகாசிக் கடைசியில் டாக்டர் வந்தார். ஊர்ப் பொதுக்கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் டாக்டருக்கு ஒரு கட்டில். நான் பெயர் வாசித்தேன். ஜூரி எழுந்து வந்தாள். அவள் மரம் அந்த வருடம்தான் பெருக்காமல் கிடந்தது.

"உன் குழந்தை ஏதாவது இறந்ததா அம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல."

அடுத்தவளும் இல்லை என்றாள். அதற்கடுத்தவள் வரவேயில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை ஆட்டினாள். ஆறு பேர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். வெளியே மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு எழுந்து நின்று எல்லோரையும் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, எல்லோர் காலிலும் விழ வேண்டும் போலவும் இருந்தது.

ஏழாவது பெயர் கும்மே. அவள் வந்து டாக்டர் முன்னால் உட்காரவில்லை, கொட்டகையின் நடுவில் நின்றாள். பூசாரியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். பெயர் இல்லாததைச் செத்ததென்று சொல்லக் கூடாது, சரி, பெயர் வைத்தால் சொல்லலாமா என்றாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பூசாரி, பெயர் வைக்கலாம், ஆனால் பெயர் வைத்தால் அது முன்னோரோடு போய்விடும், உன்னிடம் வராது, தெரிந்துதான் கேட்கிறாயா என்றார்.

"தெரிஞ்சுதான் கேக்குறேன்."

கும்மே டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு முதல்ல வந்தது பையன். பதினோரு நாள் இருந்தான். அவன் பேரு ஜோகா. ஜோகா செத்துப்போயிட்டான்."

சொல்லிவிட்டு நின்றாள். இரண்டாவது பெயருக்கு வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. கழுத்துப் பாசிமணியைக் கையால் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் திறந்தாள். அவ்வளவு பேசுகிறவளுக்கு ஒரு பெயர் வரவில்லை. நான் எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தபோது ஆண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பைக்கே" என்றான் லால்சு. "ரெண்டாவது பொண்ணு. பைக்கே, எங்கம்மா பேரு. பொறந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். எங்கம்மா காது அப்படியே இருந்துது."

கும்மே அவனைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்கே அப்போதுதான் தெரியும். அவன் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். "பைக்கேயும் செத்துப்போயிட்டா. எழுதிக்கங்க சார்" என்றான். டாக்டர் எழுதினார். எனக்குக் கண் மறைத்து அடுத்த பெயரை வாசிக்க முடியவில்லை.

வாசிக்க வேண்டியும் இருக்கவில்லை. ஜூரி மறுபடி எழுந்து வந்தாள். பூசாரியிடம் போய்க் காதோடு காதாக என்னவோ கேட்டாள், பிறகு வந்து ஒரு பெயர் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சிலர் புருஷனோடு, சிலர் மாமியாரோடு. பெயர் வைக்கிறபோது பாடும் பாட்டு ஒன்று உண்டு, ஒரு கிழவி அதை எடுத்தாள். அது முடிவதற்குள் சாவுப் பாட்டை இன்னொருத்தி எடுத்தாள். இரண்டு பாட்டையும் ஒரே நாளில் அந்த ஊர் கேட்டதில்லை. பதினான்கு என்று நினைத்தோம், பதினேழு ஆனது. மூன்று வீட்டுக்குச் சொந்த மரமே இல்லை. அவர்கள் கணக்கு எந்தக் கூடையிலும் குறைந்திருக்கவில்லை.

நிலையம் உடனே வந்துவிடவில்லை. அந்த மழையில் இன்னும் இரண்டு போயின. அடுத்த பங்குனியில்தான் செங்கல் இறங்கியது. கும்மே பூ வேலையை விட்டுவிட்டு மேஸ்திரியின் உயிரை எடுத்தாள். ஜன்னல் ஏன் இங்கே, தண்ணீர் எங்கே போகும், கூரை யார் பொறுப்பு என்று. அந்த மேஸ்திரி என்னிடம் வந்து, இந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் சிஸ்டர் என்று கும்பிட்டான். கட்டிடத்தை ஊருக்கு வெளியே, ஒதுக்குக் குடிசை இருந்த பக்கமாகவே கட்ட வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். அதனால்தான் பெண்கள் தயங்காமல் வந்தார்கள். மழை நாலு மாதமும் நானே அங்கே தங்கினேன். ஏழு பிள்ளை பிறந்தது. ஒன்று தங்கவில்லை, ஆறுக்குக் கழுத்து நின்றது. அந்த ஒன்றை அதற்குரிய இடத்தில் நானே எழுதினேன்.

அதற்கும் அடுத்த வருடம், ஆனி மாதத்தில் ஒருநாள் கும்மே நிலையத்துக்கு வந்தாள். வழக்கம்போல் தின்பண்டம் எதையோ மென்றுகொண்டு வந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிலில் ஏறிப் படுத்தாள். ஏழு மாதம். அதுவரை என்னிடம்கூட மறைத்திருக்கிறாள் கள்ளி. நான் திட்ட ஆரம்பித்தேன், திட்டிக்கொண்டே வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளை நன்றாக உதைத்தது.

அவள் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அக்கா, ஜோகா போயிட்டான். பைக்கேயும் போயிட்டா. நாங்களே அனுப்பிட்டோம், இனிமே வரமாட்டாங்க. அப்போ இது யாரு?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"லால்சுவும் அதையேதான் கேக்குறான். எங்களுக்குத் தெரியாத யாரோ வர்றாங்கக்கா" என்றாள். பிறகு எழுந்து, முகம் பார்க்க இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். நான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். கணக்கு வந்து விழுந்தது ஆறு நிறைந்து ஓடுகிற மாதத்தில்.